ஆடுற கொமட், மூடாத வால்வ்

தம்பி, உப்புவெளி வீட்டில ஆடுற கொமட்டை இறுக்கப் போய், சுவர் வால்வ் மூடாமலும் அடியில 4 அங்குல பைப்பின்ர வாய் வெடிச்சும் கிடக்குது எண்டு எழுதியிருந்தீங்கள். முதல்ல அந்த வால்வைப் பலவந்தமாத் திருகாதேங்கோ. கடல் காத்தில உள்ளுக்கு இறுகியிருக்கும்; முறிஞ்சா சுவரை உடைக்க வேணும். மேல் டாங்கியில தண்ணியைப் பூட்டி, மிச்சத் தண்ணியை வடியவிட்டுப் புது வால்வ் போடுங்கோ. வால்வின்ர திருகு வரியில ஒழுகலைத் தடுக்கிற டேப் சுத்த மறக்க வேண்டாம்.

பைப்தான் பெரிய வேலை. பழைய சீலையொண்டைக் கயிறு கட்டி வாய்க்குள்ள அடையுங்கோ, கயிறு வெளியில நிக்கட்டும். நான் கயிறில்லாம அடைச்சு, சீலை உள்ள போய், அரை நாள் கம்பியால கிளறினனான். நாத்தம் மேல வராமலும் கொங்கிறீட் துண்டு உள்ள விழாமலும் அந்தச் சீலைதான் தடுக்கும். சுத்திவர சிமெந்தைக் கொத்தி, வெடிக்காத இடம் வரைக்கும் நேரா வெட்டி, காய்ஞ்ச பிறகு பசை பூசிச் சொக்கெட் (பைப்பை இணைக்கிற துண்டு) போடுங்கோ. ஈரத்தில பசை பிடிக்காது.

கொமட்டைத் திரும்ப வைச்சு இறுக்க, இரும்புத் திருகாணி எங்கட ஊருக்குச் சரிவராது; பித்தளை இல்லாட்டி துருப்பிடிக்காத ஸ்டீல் ஆணி வாங்குங்கோ. இரண்டு பக்கமும் மாறி மாறிக் கொஞ்சங் கொஞ்சமா இறுக்க வேணும், ஆட்டம் நிண்டா காணும். கூட இறுக்கினா பீங்கான் "டிக்" எண்டு வெடிக்கும்.

கொமட்டின்ர அடியைச் சுத்தி வெள்ளைச் சிமெந்து பூச முதல் நாலைஞ்சு தரம் தண்ணி அடிச்சு, அடியில காய்ஞ்ச பேப்பர் வைச்சுப் பாருங்கோ. பின்பக்கம் ரெண்டு விரல் அகலம் பூசாம விடுங்கோ, பிறகு ஒழுகினா அதாலதான் தெரியும்.