எச்1பி விசாவில் இருக்கிறேன். டெக்சாஸில் காட்டுப்பன்றி வேட்டைக்கு எந்தத் துப்பாக்கி ஏற்றது? எங்கே குறிவைக்க வேண்டும்?

.308 வின்செஸ்டர் தோட்டா போடும் ரைஃபிள் எடுத்துக்கொள்ளுங்கள். .270, .30-30 என்று வேறு தோட்டாவுக்கான ரைஃபிள் எது கைவசம் இருந்தாலும் சரிதான். இதற்கு மேல் துப்பாக்கிக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். .223 ரவையின் விட்டம் ஏறத்தாழ 5.7 மில்லிமீட்டர்தான். அதிலும் பன்றி விழும். ஆனால் பட்டவுடன் சிதறாமல் ஆழமாகப் பாயும் ரவை வேண்டும், குறியும் பிசகக் கூடாது. முதல்முறை போகிறவருக்கு அதை நான் கொடுக்க மாட்டேன்.

குறியில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். நானும் விட்டேன். சான் ஆன்டோனியோவுக்குத் தெற்கே ஒரு பண்ணை. அதுவரை மான் மட்டுமே சுட்டுப் பழகியவன் நான். மானுக்கு முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் வைத்தால் நுரையீரலைத் துளைத்துவிடும். அதே கணக்கில் எழுபது கஜத்தில் நின்ற பன்றிக்கும் வைத்தேன். அது ஒருமுறை உறுமிவிட்டு மெஸ்கிட் புதருக்குள் பாய்ந்துவிட்டது. (மெஸ்கிட் நம் சீமைக்கருவேலத்துக்குப் பங்காளி; முள்ளும் அப்படியேதான் குத்தும்.) பத்தடிக்கு மேல் இரத்தச் சுவடே இல்லை. தோலடிக் கொழுப்பு துளையை அடைத்துக்கொண்டால் வெளியே சொட்டாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. கைவிளக்கோடு இரண்டு மணி நேரம் தேடிக் கண்டுபிடித்தபோது அதற்கு இன்னும் உயிர் இருந்தது. நினைத்தால் இன்றும் மனம் கூசுகிறது.

பண்ணைக்காரர் அங்கேயே அதன் வயிற்றைக் கீறிக் காட்டினார். இரைப்பை கிழிந்து, தின்ற மக்காச்சோளம் கொட்டிக் கிடந்தது. இதயத்தில் ஒரு கீறல்கூட இல்லை. இரண்டு முன்னங்கால்களுக்கும் நடுவே, நெஞ்செலும்பை ஒட்டிப் பத்திரமாக இருந்தது.

பன்றிக்கு இதயமும் நுரையீரலும் மானைவிட முன்னால், தாழ்வாக இருக்கின்றன. பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலின் நேர் மேலே பாருங்கள். உடம்பின் உயரத்தை மூன்றாகப் பிரித்தால் கீழ்ப்பங்கு முடிகிற இடம் அதுதான். கறிக்கடையில் முன்சப்பை என்று வெட்டித் தருவார்களே, ரவை அதை ஊடுருவிப் போக வேண்டும். முதுகில் சிலிர்த்து நிற்கும் மயிரையும் உயரத்தோடு சேர்த்துக் கணக்கிட்டால் குறி மேலே ஏறிவிடும். வளர்ந்த ஆண் பன்றியின் சப்பைமேல் குருத்தெலும்பு போல இறுகிய தடிப்பு ஒன்று இருக்கும். சண்டையில் எதிரியின் கோரைப்பல்லைத் தாங்கும் கேடயம் அது. .308 என்று நான் அடித்துச் சொல்வதே அதற்காகத்தான்.

உங்களுக்குப் பின்புறத்தைக் காட்டிச் சாய்வாக நின்றால், ரவை எதிர்ப்பக்க முன்சப்பையில் போய் முடியும்படி மனத்துக்குள் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். நேருக்கு நேர் பார்த்து நின்றால் பொறுங்கள், திரும்பும். காதின் அடியில் சுட்டால் நின்ற இடத்திலேயே விழும் என்பார்கள். உண்மைதான். ஆனால் தலை ஒரு நொடி அசைந்தால் தாடை உடைந்து ஓடும், பிறகு பல நாள் பட்டினி கிடந்து சாகும்.

நீங்கள் எச்1பி விசாவில் இருப்பதாகக் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். தனியார் நிலத்தில் உரிமையாளர் அனுமதியோடு காட்டுப்பன்றி சுட 2019 செப்டம்பர் முதல் டெக்சாஸில் வேட்டை உரிமம் தேவையில்லை. அதை நம்பி உரிமம் எடுக்காமல் போய்விடாதீர்கள். எச்1பி போன்ற குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதையே கூட்டரசுச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. ஆகவே பன்றிக்குத் தேவைப்படாத உரிமம் உங்களுக்குத் தேவைப்படுகிறது. சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ரப்பர் கையுறையும் ஒரு ஜோடி வேண்டும். அறுக்கும்போது பன்றியின் இரத்தத்திலிருந்து புருசெல்லோசிஸ் என்னும் பாக்டீரியா நோய் தொற்றலாம். அன்று நான் கொண்டுபோகவில்லை. பண்ணைக்காரர் தம் வண்டியிலிருந்து ஒரு ஜோடியை எடுத்து என்மேல் எறிந்து, நான் மாட்டிக்கொண்ட பிறகுதான் கத்தியைக் கொடுத்தார்.