வீடு திரும்பிய பிக்கு

அன்புள்ள ஐயா,

எனக்கு 24 வயது. கோவையில் மென்பொருள் வேலை. போன டிசம்பரில் பத்து நாள் விபாசனா தியான முகாமுக்குப் போய் வந்தேன். அதற்குப் பிறகு மனம் எதிலும் ஒட்டவில்லை. அம்மா கல்யாணப் பேச்சை எடுத்தாலே எரிச்சல் வருகிறது. நண்பர்கள் பேசுவதெல்லாம் அற்பமாகத் தெரிகிறது. நான்கு வருடம் பழகிய பெண் விலகிப் போனதுகூட இப்போது வலிக்கவில்லை. வீட்டில் சொல்லாமல் கிளம்பி ஏதாவது பௌத்த மடத்தில் சேர்ந்துவிடலாமா? புத்தரும் சொல்லாமல்தானே போனார்? இதுதான் பற்றின்மையா?

எம்.

அன்புள்ள எம்.,

நள்ளிரவில் மனைவியும் மகனும் உறங்கிக்கொண்டிருக்க, சித்தார்த்தர் சத்தமில்லாமல் வெளியேறினார் என்றுதான் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். அது பிற்கால நூல்களின் கதை. புத்தரின் உரைகளைத் தொகுத்த பாலி நூலான மஜ்ஜிம நிகாயத்தின் 26ஆம் சூத்திரத்தில் புத்தரே தன் துறவைப் பற்றிப் பேசுகிறார். தாயும் தந்தையும் மனமில்லாமல், கண்ணீர் வழியும் முகத்தோடு அழுதுகொண்டிருக்கும்போதே தலையை மழித்துக்கொண்டு கிளம்பியதாகச் சொல்கிறார். அந்த அழுகையை அவர் பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

பின்னாளில் மகன் ராகுலனும் பிக்குகளின் சங்கத்தில் சேர்க்கப்பட்டபோது, தாத்தா சுத்தோதனர் வந்து முறையிட்டார். பிள்ளைப் பாசம் தோலை அறுத்து, சதையை அறுத்து, எலும்பையும் அறுத்து மஜ்ஜை வரை போகிறது என்றார். பெற்றோர் அனுமதி இல்லாமல் ஒரு பிள்ளையைத் துறவில் சேர்க்கக் கூடாது என்ற விதி அப்போது வந்ததுதான். இன்றும் இலங்கை, தாய்லாந்து போன்ற நாடுகளின் தேரவாத பௌத்த மரபில் உபசம்பதை, அதாவது முழுத் துறவு, பெற வருபவனிடம் அந்தக் கேள்வி கேட்கப்படுகிறது: தாய் தந்தை அனுமதித்தார்களா?

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ரட்டபாலன்தான் நினைவுக்கு வந்தான். அதே நிகாயத்தின் 82ஆம் சூத்திரம் அவனுடையது. குரு நாட்டில் பெரும் செல்வர் வீட்டுக்கு ஒரே மகன். புத்தரின் பேச்சைக் கேட்ட அன்றே துறவு கேட்டான், வீட்டில் மறுத்தார்கள். அவன் ஓடிப்போகவில்லை. வெறுந்தரையில் படுத்து, சாவு அல்லது துறவு என்றான். கடைசியில் பெற்றோர் இறங்கி வந்தார்கள், ஒரே ஒரு நிபந்தனையோடு: துறவியானபின் எங்களை வந்து பார்க்க வேண்டும்.

அந்த வாக்கைக் காப்பாற்ற, ஞானம் அடைந்தபின் அவன் ஊருக்கு வருகிறான். கையில் பிச்சைப் பாத்திரம். கூடத்தில் உட்கார்ந்து தலைவாரிக்கொண்டிருந்த தந்தைக்கு மகனை அடையாளம் தெரியவில்லை. இந்த மொட்டைகளால்தான் என் ஒரே பிள்ளை போனான் என்று திட்டுகிறார். அந்த நேரம் வீட்டுப் பணிப்பெண் முந்தைய நாள் கூழைக் கொட்ட வெளியே வருகிறாள். "சகோதரி, கொட்டப்போவதானால் இதில் ஊற்று" என்கிறான். ஊற்றும்போது கையையும் காலையும் குரலையும் வைத்து அவனைக் கண்டுகொள்கிறவள் அவள்தான். தந்தை ஓடிவந்து பார்த்தால், மகன் ஒரு சுவரோரம் உட்கார்ந்து அந்தப் பழைய கூழைக் குடித்துக்கொண்டிருக்கிறான்.

இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். திட்டிய வீட்டின் மேல் அவனுக்குக் கோபம் இல்லை, கூழின் மேல் அருவருப்பும் இல்லை. அடுத்த நாள் தந்தை பொன்னைக் குவித்துக் காட்டியபோதும், வண்டியில் ஏற்றிக் கங்கையில் கொட்டிவிடுங்கள், இதனால் உங்களுக்குத் துயரம்தான் வரும் என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தான்.

அம்மா பேசினால் உங்களுக்கு வருவது எரிச்சல். எரிச்சலும் ஒரு பற்றுதான். பௌத்தம் வேட்கையை மூன்றாகப் பிரிக்கிறது. புலன் இன்பத்துக்கான வேட்கை, இருப்பதற்கான வேட்கை, மூன்றாவது விபவ தண்ஹா: இல்லாமல் போக வேண்டும், இதெல்லாம் ஒழிய வேண்டும் என்கிற வேட்கை. இளம் வயதில் இந்த மூன்றாவது, துறவின் உடையில் வரும். எனக்கும் வந்திருக்கிறது. வீட்டில் யாரோடும் பேசாமல் மாதக்கணக்கில் இருந்ததை நான் அமைதி என்று நம்பினேன்.

அப்புறம் அந்தப் பெண். ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். அந்தக் குரு நாட்டின் மன்னன் கோரவ்யன் ரட்டபாலனிடம் கேட்கிறான்: முதுமை, நோய், செல்வ இழப்பு, உறவிழப்பு, இந்த நாலில் ஒன்று வந்தால்தான் மனிதர்கள் துறவு போகிறார்கள், உனக்கு ஒன்றுமே இல்லையே? நிலையற்றது, காப்பாரற்றது, தனதென்று ஏதுமற்றது, நிறைவே காணாமல் வேட்கைக்கு அடிமைப்பட்டது இந்த உலகம், அதைக் கேட்டும் கண்டும் வந்தேன் என்கிறான் அவன். இழந்து வந்தவர்களும் உண்டு. கணவனையும் பிள்ளைகளையும் பெற்றோரையும் பறிகொடுத்த படாசாரை என்ற பிக்குணி அந்த வழியில் வந்து விடுதலை அடைந்தவள்தான். ஆனால் அவள் தன் இழப்பை அழுது தீர்த்தவள். வலிக்கவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

துறவை நான் தடுக்கவில்லை. தாய்லாந்தில் இளைஞர்கள் ஒரு மழைக்காலத்துக்கு, மூன்று மாதம், துறவியாக இருந்துவிட்டு வீடு திரும்புவது வழக்கம். அப்படி இருந்து வந்தவனைப் பழுத்தவன் என்றும் இன்னும் போகாதவனைக் காய் என்றும் சொல்லும் பேச்சும் அங்கே உண்டு. உங்களுக்கும் அது பொருந்தும் என்று நினைக்கிறேன். அதற்கு முன், இந்த வாரம் அம்மாவிடம் உட்கார்ந்து பேசுங்கள். கல்யாணம் வேண்டாம் என்பதை மட்டுமல்ல, முகாமில் என்ன நடந்தது, அந்தப் பெண் யார், எல்லாவற்றையும். அவர் அழுதால் எழுந்து போய்விடாதீர்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.