பார்சலைப் பிரித்தீர்களா?

கேள்வி: சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். சொந்த ஊர் உடன்குடிப் பக்கம். எங்கள் ஜெபக்குழுவில் மாதம் ஒருவராவது புதுக் கார், புது வீடு கர்த்தர் தந்தார் என்று சாட்சி சொல்கிறார்கள். எனக்குப் பொறாமை வருகிறது. அதை ஜெயிக்க, தினமும் இரவில் ஐந்து நன்மைகளை நோட்டில் எழுதி ஸ்தோத்திரம் பண்ணுகிறேன். பிள்ளைகளையும் எழுத வைக்கிறேன். ஆனாலும் எட்டாவது படிக்கும் மகன், போன வருஷம் வாங்கிய போனை மாற்றித் தரச் சொல்லி அழுகிறான். வேலை, டியூஷன், ஆலய ஊழியம் என்று நிற்க நேரமில்லை. ஊரிலிருந்து அம்மா அனுப்பும் பார்சலைக்கூடப் பிரிக்காமல் வாட்ச்மேனிடம் கொடுத்துவிடுகிறேன். பொருளாசை பிடித்த இந்த உலகத்தில் பிள்ளைகளுக்கு நன்றியுள்ள இருதயத்தை எப்படிக் கற்றுக்கொடுப்பது?
(பெயர் வேண்டாம், சென்னை)

பதில்: சகோதரி, பொறாமையையும் போனையும் அப்புறம் பார்ப்போம். இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். எனக்கு அந்தப் பார்சலைப் பற்றித்தான் பேச வேண்டும்.

நேரமில்லை என்பதற்கு உதாரணமாக அதைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். உடன்குடிப் பக்கம் என்றால் உள்ளே என்ன இருக்கும் என்று பிரிக்காமலே சொல்லிவிடுவேன். ஓலைக்கொட்டானில் கருப்பட்டி. சுக்கு தட்டிப் போட்ட சில்லுக்கருப்பட்டி, பேரப்பிள்ளைகளுக்கு. செய்தித்தாளில் சுற்றிய முருங்கைக்காய். பதநீரைப் பெரிய சட்டியில் ஊற்றி, அடுப்பின் புகையில் கண் எரிய நின்று, பாகு பதம் வரும்வரை கிண்டி, சிரட்டையில் ஊற்றி ஆறவைத்தால்தான் ஒரு கருப்பட்டி. உங்கள் அம்மாவே காய்ச்சினாரோ, காய்ச்சுகிற வீட்டில் காத்திருந்து வாங்கினாரோ, எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அதே சென்னையில், சீனி கலந்த கருப்பட்டியை ‘ஆர்கானிக்’ என்று எழுதி ஒட்டிய கடையில் விலை கொடுத்து வாங்குவீர்கள். ஆலயத்தில் அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடும்போது ஒரு கட்டு முருங்கைக்காயை 500 ரூபாய்க்குக் கேட்டு எடுப்பீர்கள். அம்மா அனுப்பியது மட்டும் வாசல் கேட்டோடு நின்றுவிடுகிறது.

வாட்ச்மேனுக்குக் கொடுப்பது தர்மம்தானே என்பீர்கள். பிரித்துப் பார்த்து, பாதியை அவருக்குக் கொடுங்கள், அது தர்மம். வீட்டில் இடத்தை அடைக்கும் மூட்டையைத் தள்ளிவிடுவதற்கு அந்தப் பெயரைச் சூட்டாதீர்கள்.

உங்கள் பையன் ஒன்றும் விளம்பரத்தைப் பார்த்து மட்டும் கெட்டுப்போகவில்லை. பாட்டி அனுப்பியது வேண்டாத பொருள், கடையிலிருந்து பெட்டியில் வருவதுதான் பொருள் என்று வீட்டிலேயே பார்த்துப் பழகியிருக்கிறான். ஆன்லைனில் வந்த பெட்டி ஒன்றாவது உங்கள் வீட்டில் ஒரு ராத்திரி பிரிக்காமல் கிடந்திருக்கிறதா?

நன்றி சொல்வதற்கு, இயேசு சுகமாக்கியவர்களில் ஒருவன் மட்டும் திரும்பி வந்த பத்துக் குஷ்டரோகிகள் கதையைத்தான் எல்லோரும் பிரசங்கிப்பார்கள். நீங்கள் வேதாகமத்தில் உபாகமம் 26-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். இஸ்ரவேலன் விளைச்சலின் முதற்பலனைக் கூடையில் வைத்து ஆசாரியனிடம் கொண்டுவருகிறான். சும்மா வைத்துவிட்டு வர முடியாது. தன் தகப்பன் என்ன நிலைமையில் இருந்தான், எகிப்துக்கு எப்படிப் போனான், அங்கே என்ன பாடுபட்டார்கள் என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் தொழுகை. உங்கள் நோட்டில் இந்தப் பகுதி இருக்கிறதா? இன்று கிடைத்தது மட்டும்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் அது நன்றியில்லை, இருப்புக் கணக்கு. கணக்கு என்று வந்துவிட்டால் ஜெபக்குழுவில் யாருக்கு அதிகம் என்று மனசு பார்க்கத்தான் செய்யும். பொறாமை வருகிறது என்று எழுதினீர்களே, அது வருகிற ஒரு வழி இது.

பவுல் இன்னும் கறாராகப் பேசுகிறார். 1 தீமோத்தேயு 5:4-இல், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் முதலாவது சொந்தக் குடும்பத்தை விசாரித்து, பெற்றார் செய்த நன்மைக்குப் பதில் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறார். முதலாவது. ஆலய ஊழியமெல்லாம் அதற்கு அடுத்துதான் என்பது என் கட்சி. இதற்காக என்னோடு சண்டைக்கு வருகிற ஊழியக்காரர்களும் உண்டு, வரட்டும்.

உங்கள் அம்மா நோட்டு எழுதியிருக்க மாட்டார். நம் ஊர்ப் பக்கத்துத் தாய்மார்கள் பலரைப் போல, உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போட்டிருப்பார், ஆலயத்துக்கென்று. அரிசி போதாத மாதத்திலும் அந்தப் பிடி குறைந்திருக்காது. அதை உங்கள் பிள்ளைகளிடம் என்றைக்காவது சொன்னீர்களா?

நோட்டை மூடி வையுங்கள், கொஞ்ச நாளைக்கு. அடுத்த பார்சல் வந்ததும் கத்திரிக்கோலை மகன் கையில் கொடுத்து அவனையே பிரிக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் மேஜையில் பரப்பிவிட்டு, ஸ்பீக்கரில் போட்டுப் பாட்டியைக் கூப்பிடுங்கள். இது எந்த மரத்துக் காய், யார் மூட்டையைத் தைத்தது, யார் தூக்கிக்கொண்டு போய் லாரி ஷெட்டில் போட்டது என்று அவனே கேட்கட்டும். மேல்விலாசத்தை எந்த வீட்டுப் பையனிடம் கெஞ்சி எழுதி வாங்கினார் என்பதும் அப்போது தெரியவரும். போன் விஷயத்தில் ‘இப்போது கிடையாது’ என்று ஒரு தடவை சொன்னால் போதும். வசனம் சொல்லி விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

இன்னொன்று. அம்மாவிடம் பேசும்போது, “எதுக்கும்மா இதெல்லாம், இங்கேயே எல்லாம் கிடைக்குதே” என்று தொடங்காதீர்கள். அடுத்த தடவை கருப்பட்டி எத்தனை கிலோ வேண்டும் என்று சொல்லி, அதற்கான பணத்தையும் லாரிக் கூலியையும் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள்.