ஆறு மாசம் தாண்டிருச்சு, ரெண்டரை லட்சத்த வாங்கிக்கலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கத்துலருந்து எழுதறேங்க. என் தம்பிக்கு 28 வயசு, பச்சைத் தேயிலை மூட்டை லோடு ஏத்தற வேலை, மாசம் 12,000 வரும். எட்டு மாசம் முன்னாடி மேட்டுப்பாளையத்துலருந்து பைக்ல மேல ஏறி வந்துட்டிருந்தான், எறங்கி வந்த வெளிமாநில டூரிஸ்ட் கார் வளைவுல மோதி வலது கால் முட்டிக்குக் கீழ ஒடஞ்சிருச்சு. ஆபரேஷன் முதலமைச்சர் காப்பீட்டு கார்டுல ஆச்சு. இப்ப இன்சூரன்ஸ் ஆளு ஒருத்தர் வந்து, சட்டம் மாறிடுச்சு, ஆறு மாசம் தாண்டினா கேஸ் கிடையாது, ரெண்டரை லட்சம் தரோம் கையெழுத்து போடுங்கன்றாரு. ஹெல்மெட் போடல, வைத்தியமும் கவர்மென்ட் செலவு தானேன்றாரு. இப்படி நஷ்டஈட்ட கட்டுப்படுத்துனாதான் நாட்டுக்கு செலவு மிச்சமாம். என்னங்க பண்றது?

பதில்: மொதல்ல, எதுலயும் கையெழுத்து போடாதீங்க. அவர் சொல்ற ரெண்டரை லட்சம் அவர் இரக்கப்பட்டு தர்றது இல்லங்க, மோட்டார் வாகனச் சட்டம் 164வது பிரிவுல யார் மேல தப்புன்னு பாக்காமலே கொடுங்காயத்துக்கு தரணும்னு எழுதியிருக்கற தொகை, சாவுன்னா 5 லட்சம். அத வாங்கிட்டீங்கன்னா 166ல போடற நஷ்டஈட்டு மனு அதோட செல்லாம போயிரும், அதனாலதான் இவ்ளோ அவசரப்படறாங்க.

ஆறு மாசக் கதைக்கு வரேன். 1994ல இந்த கெடுவையே சட்டத்துலருந்து தூக்கிட்டாங்க, அதுக்கப்புறம் எப்ப வேணா மனு போடலாம்னு இருந்துச்சு. 2019 திருத்தத்துல திரும்ப கொண்டு வந்து 2022 ஏப்ரல் 1லருந்து அமலாச்சு, அதுவும் தாமதத்த மன்னிக்க கோர்ட்டுக்கு அதிகாரம் குடுக்காம. ஆனா இத எதிர்த்து சுப்ரீம் கோர்ட்ல கேஸ் போயி, 2025 நவம்பர்ல, ஆறு மாசம் தாண்டிருச்சுன்ற ஒரே காரணத்துக்காக மனுவ தள்ளுபடி பண்ணாதீங்கன்னு இடைக்கால உத்தரவு வந்திருக்கு. இடைக்காலம்தான், கடைசித் தீர்ப்பு எப்படி வேணா வரலாம், அதனால அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு இருந்துடாதீங்க. இன்னொரு வழியும் இருக்கு. எப்ஐஆர் போட்ட ஸ்டேஷன் போலீஸ் 48 மணி நேரத்துல மொதல் விபத்து அறிக்கையும் 90 நாள்ல விரிவான அறிக்கையும் நஷ்டஈட்டு கேஸ விசாரிக்கற மோட்டார் விபத்து தீர்ப்பாயத்துக்கு அனுப்பணும், அப்படி வந்த அறிக்கையவே மனுவா எடுத்துக்கணும்னு 166(4) சொல்லுது. ஸ்டேஷன்ல போயி அந்த அறிக்கை போச்சா, எந்த தேதியில போச்சுன்னு கேட்டு காப்பி வாங்குங்க. போயிருந்தா பாதி சண்டை அங்கயே முடிஞ்சுது.

ஹெல்மெட் விஷயம் சிரிப்பா இருக்கு. ஒடஞ்சது காலு, அதுக்கும் தலைக்கும் என்ன சம்பந்தம்? ஃபைன் போடலாம், அது வேற. மலை ரோட்ல அகலம் பத்தாத எடத்துல எறங்கற வண்டிதான் ஏறற வண்டிக்கு வழி விடணும், இது நம்மூர் டிரைவருங்க பழக்கம் மட்டும் இல்ல, ரோடு விதியிலயே இருக்கு. உங்க தம்பி ஏறிட்டிருந்தான், கார் எறங்கிட்டிருந்துச்சு, இத மனுவுல மொதல் பக்கத்துலயே எழுதச் சொல்லுங்க. வெளிமாநில வண்டின்னா இ-பாஸ் எடுத்திருக்கணும், 2024 மே 7லருந்து நீலகிரிக்கு அது கட்டாயம், அந்த கார் எங்க ஊருக்கே வரலன்னு நாளைக்கு யாராச்சும் சொன்னா அந்தப் பதிவ வரவழைக்கச் சொல்லி கோர்ட்ல கேக்கலாம்.

இப்ப அந்த "நாட்டுக்கு செலவு மிச்சம்" பேச்சு, இதுதான் எனக்கு எரிச்சல். கணக்கு போட்டே பாத்துரலாம். மாசம் 12,000, வயசு 40க்கு கீழ, சொந்தமா ஒழைக்கறவர்ன்றதால எதிர்கால வருமானத்துக்கு 40 சதவீதம் சேத்தா 16,800, வருஷத்துக்கு 2,01,600. வருஷ வருமானத்த எத்தனயால பெருக்கணும்னு வயச வச்சு கோர்ட் எடுத்துக்கற பெருக்கல் எண் 28 வயசுக்கு 17, அப்ப 34,27,200. வேலை செய்யற தெறன்ல 30 சதவீதம் போச்சுன்னு கோர்ட் ஏத்துக்கிட்டா 10,28,160. வலி வேதனை, படுத்திருந்த மாசங்களோட கூலி, போக்குவரத்து, கூட இருந்து பாத்தவங்க செலவு இதெல்லாம் தனி. இதுக்கு பதிலா ரெண்டரை லட்சம் வாங்கினா மீதி ஏழே முக்கால் லட்சம் எங்க போச்சு? காணாமப் போகல. உங்க வீட்டு தலையில பாதி, கவர்மென்ட் தலையில பாதி. நாளைக்கு கால்ல வச்ச பிளேட் எடுக்க மறுபடி அதே காப்பீட்டு கார்டு, பிசியோதெரபிக்கு ஊட்டி ஜி.எச், அப்புறம் மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு மனு, எல்லாமே வரிப்பணம். முதலமைச்சர் திட்டத்துக்கு பிரீமியம் கட்றது அரசு, இன்னுயிர் காப்போம் திட்டத்துல மொத 48 மணி நேர வைத்தியம் அரசு செலவு, போன வருஷங்கள்ல மத்திய அரசு கொண்டு வந்த 7 நாள், ஒன்றரை லட்சம் வரைக்குமான கேஷ்லெஸ் திட்டம் வேற இருக்கு. எல்லாம் நல்ல திட்டம், நான் குறை சொல்லல, ஆனா 1000லருந்து 1500 சிசி காருக்கு வருஷம் 3,416 ரூபா தேர்டு பார்ட்டி பிரீமியம் வாங்கினவன் தர வேண்டியத ஊர்க்காசு அடைக்குதுன்னா அது மிச்சமா?

2016 மோட்டார் வாகனத் திருத்த மசோதாவுல இன்சூரன்ஸ் பொறுப்ப சாவுக்கு 10 லட்சம், கொடுங்காயத்துக்கு 5 லட்சம்னு மூடி போடப் பாத்தாங்க, அப்புறம் எடுத்துட்டாங்க. அமெரிக்காவுல கொலராடோ மாநிலத்துல 2003ல, தப்பு யாருதுன்னு பாக்காம சொந்த இன்சூரன்சே வைத்தியச் செலவு தர்ற ஏற்பாட்ட ரத்து பண்ணாங்க, பிரீமியம் கொறஞ்சுது, ஆனா ஆஸ்பத்திரிங்க மேலயும் ஏழைங்களுக்கான அரசு மருத்துவத் திட்டத்து மேலயும் பாரம் ஏறுச்சு. ஒரே ஒரு எடத்துல அந்த இன்சூரன்ஸ் ஆளு சொல்றது பாதி சரி, மோதினது அரசு பஸ்ஸா இருந்தா நஷ்டஈடே போக்குவரத்துக் கழகப் பணம், அத கட்டாம விட்டுத்தான் அப்பப்ப பஸ்ஸ ஜப்தி பண்றாங்க. உங்களுத தனியார் கார், தனியார் பிரீமியம். அந்தப் பேச்சு இங்க எடுபடாது.

கார்டுல ஆன ஆபரேஷன் செலவ மருத்துவ பில்லா கேக்க முடியாது, நீங்க கட்டாதத கேக்க வேணாம். அதுக்காக வருமான இழப்பு, வலி வேதனைன்னு மத்த எந்த தலைப்புல கேக்கறதும் கொறயாது.

ஊனச் சான்றுல கவனமா இருங்க. மெடிக்கல் போர்டு காலுக்கு 30 சதவீதம்னு எழுதும், அது காலோட கணக்கு. கோர்ட் பாக்க வேண்டியது அவர் பண்ற வேலைக்கு எவ்ளோ பாதிப்புன்னு, ராஜ்குமார் எதிர் அஜய்குமார் கேஸ்ல 2010லயே சுப்ரீம் கோர்ட் சொன்னது. ஆபீஸ்ல உக்காந்திருக்கறவருக்கு அது கம்மியா போகலாம், சரிவுல கொழுந்து மூட்டைய தோள்ல தூக்கி லாரிக்கு ஏத்தறவருக்கு அதுவே வேலை மொத்தமும் போன மாதிரி. அதனால மூட்டை எத்தன கிலோ, ஒரு நாளைக்கு எத்தன நடை, இப்ப எத முடியல, இதெல்லாம் தம்பி வாயால சாட்சியத்துல வரணும், கூட வேலை செஞ்ச ஒருத்தரயும் கூட்டிட்டு வாங்க. கூலிக்கு சீட்டு, பேங்க் பாஸ்புக் எது இருந்தாலும் எடுத்து வைங்க.

மனு ஊட்டியில போடலாம், நீங்க குடியிருக்கற எடத்துக்கு அதிகாரம் இருக்கற தீர்ப்பாயத்துலயே போடலாம்னு சட்டம் சொல்லுது, கார்க்காரர் ஊருக்கு அலைய வேணாம். வக்கீலுக்கு காசு இல்லன்னா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல கேளுங்க, தொழிலாளிக்கு இலவச உதவி உரிமையா இருக்கு. வர்றதுல இவ்ளோ பர்சன்ட்னு பேசறவர்கிட்ட போகாதீங்க, பார் கவுன்சில் விதிப்படியே அது தப்பு. எப்ஐஆர் காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, கார் இன்சூரன்ஸ் பாலிசி நம்பர், தம்பியோட லைசென்ஸ், இத எடுத்துட்டு இந்த வாரத்துலயே போங்க. அந்த ஆளு மறுபடி வந்தா எழுத்துல குடுங்கன்னு மட்டும் கேளுங்க.