ஸ்டோரேஜ் புரொவைடர் பதிவு ஏன் தோற்கிறது?

ஒரே சர்வருக்குள் தனித்தனிக் கணினிகள்போல் ஓடும் மெய்நிகர் இயந்திரங்களை நிர்வகிக்கும் வி-சென்டர் மென்பொருளில் ஸ்டோரேஜ் புரொவைடரைச் சேர்க்கும்போது பதிவு தோற்றால் எங்கே பார்ப்பது?

ஸ்டோரேஜ் புரொவைடர் என்பது, சேமிப்புக் கருவியின் திறனையும் நலத்தையும் வி-சென்டருக்குச் சொல்லும் சிறிய மென்பொருள். சேலம் லீ பஜார் மண்டியில் முதலாளி கடையில் இருப்பார். கிடங்கில் எத்தனை மூட்டை இருக்கிறது என்று சொல்ல ஒரு கணக்குப்பிள்ளை வருவார். அவருடைய அடையாள அட்டை செல்லாது என்றால் பேச்சே தொடங்காது. இங்கே அந்த அட்டைதான் சான்றிதழ்.

காலாவதியான சான்றிதழ், பெயரை நெட்வொர்க் முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸில் தவறான பெயர், நெட்வொர்க்கின் காவலான ஃபயர்வாலில் மூடிய போர்ட் (தகவல் போகும் வாசல்) ஆகியவை வழக்கமான காரணங்கள். ஆனால் நான் முதலில் பார்ப்பது கடிகாரத்தை. சேலத்தில் ஒரு நூற்பாலையின் சர்வர் அறையில், சேமிப்புக் கருவி யுடிசி என்ற உலகப் பொது நேரத்தைக் கேட்ட இடத்தில் யாரோ இந்திய நேரத்தைப் பதிந்திருந்தார்கள். கருவி ஐந்தரை மணி நேரம் முந்தி ஓடியது. அது உருவாக்கிய புதிய சான்றிதழ், வி-சென்டரின் கண்ணுக்கு இன்னும் பிறக்கவே இல்லை! காலையில் தோற்ற பதிவு மாலையில் தானாக ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கும். காரணமும் தெரியாமலே போயிருக்கும். நெட்வொர்க் வழியே கடிகாரங்களை ஒத்துப்போகச் செய்யும் என்டிபி மூலம் நேரத்தைச் சரிசெய்து, சான்றிதழைப் புதுப்பித்து, மறுபடி பதிந்தோம்.

பதிவு தோற்றால் தரவு போய்விட்டது என்று பலர் பதறுகிறார்கள். அப்படியல்ல, ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் இயந்திரங்கள் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.