ஜாங்கோவில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றுக்கும் தனித்தனி டெம்ப்ளேட் எழுத வேண்டுமா?

வேண்டாம். ஜாங்கோ பைத்தானில் இணையத்தளம் கட்ட உதவும் சட்டகம், டெம்ப்ளேட் அதில் ஒரு பக்கத்தின் எச்டிஎம்எல் அச்சுக்கோப்பு. ஒரு பக்கத்துக்கு ஒரு டெம்ப்ளேட் போதும். நீங்கள் பைத்தான் ஓரளவு படித்துவிட்டு, கொழும்பில் ஏதோ ஒரு சிறிய நிறுவனத்தில் பயிலுநராகச் சேர்ந்திருப்பீர்கள். “ஆங்கிலப் பக்கத்தைப் பிரதி எடுத்து எழுத்தை மட்டும் மாற்று” என்று மேலே இருப்பவர் சொல்லியிருப்பார். எனக்கும் அதைத்தான் சொன்னார்கள், அதனால்தான் இந்த நீளப் பதில்.

வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இரவு பஸ் விடும் ஒருவருக்கு எங்கள் நிறுவனம் ஆசனப் பதிவுத் தளம் செய்து கொடுத்திருந்தது. நான் வேலைக்குச் சேரும் முன்பே அது ஓடிக்கொண்டிருந்தது. டெம்ப்ளேட் கோப்புறைக்குள் மொழிக்கு ஒன்றாக மூன்று கோப்புறைகள். ஒவ்வொன்றிலும் அதே முகப்பு, அதே ஆசனத் தெரிவு, அதே கட்டணப் பக்கம். தலைப்பட்டிகூட ஒவ்வொரு கோப்பிலும் திரும்ப ஒட்டப்பட்டிருந்தது. 2022இல் டீசல் விலை ஏற ஏற பஸ் கட்டணம் திரும்பத் திரும்ப மாறியது. ஆங்கிலப் பக்கம் அன்றைக்கே திருந்தும், சிங்களப் பக்கம் மறுநாள் திருந்தும். தமிழ்ப் பக்கத்தை வாசிக்க நான் வரும்வரை அந்த அலுவலகத்தில் ஆளே இல்லை என்பதால் அது பழைய விலையோடு கிடக்கும். யாழ்ப்பாணம் போகிறவர்களில் பெரும்பாலோர் எந்தப் பக்கத்தைத் திறந்திருப்பார்கள்? காலி வீதியில் பஸ் ஏறும் இடத்தில் கைத்தொலைபேசியை நீட்டி, “உங்கள் தளத்தில் இந்த விலைதானே இருக்கிறது?” என்று நடத்துநரைப் பிடித்துக்கொண்டார்கள். பஸ் உரிமையாளர் தொலைபேசியில் எங்களைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

கட்டணத்தைத் தரவுத்தளத்தில் வைத்து, பக்கத்துக்குத் தரவு எடுத்துக் கொடுக்கும் பைத்தான் நிரலான வியூவிலிருந்து டெம்ப்ளேட்டுக்கு அனுப்பியிருந்தால் இந்தச் சிக்கலே வந்திராதே என்று யாராவது கீழே எழுதுவார்கள். சரிதான், அதையும் செய்தேன். ஆனால் பணம் திருப்பித் தரும் விதி, பொதிகளின் எடை, ஏறும் இடம் எல்லாம் தமிழில் பழையதாகவே இருந்தன. அவை கட்டணம்போல ஓர் எண் அல்ல, வாக்கியங்கள்.

செய்த முறை இதுதான். எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான எச்டிஎம்எல் முழுவதையும் ‘பேஸ்’ என்ற ஒரே டெம்ப்ளேட்டில் வைத்து, மாறக்கூடிய இடங்களில் மட்டும் ‘பிளாக்’ போட்டேன். மற்றப் பக்கங்கள் ‘எக்ஸ்டெண்ட்ஸ்’ டேக் (டெம்ப்ளேட்டுக்குள் எழுதும் ஜாங்கோ கட்டளை) வழியாக அதை எடுத்துக்கொண்டு தங்கள் பிளாக்கை மட்டும் நிரப்பும். அந்த டேக்தான் கோப்பின் முதல் டேக்காக இருக்க வேண்டும், மேலே வேறு டேக் வந்தால் ஜாங்கோ பிழை காட்டும். பேஸ் டெம்ப்ளேட்டில் உள்ளதையும் விடாமல் கூடச் சேர்க்க ‘பிளாக் சூப்பர்’ இருக்கிறது. ஆசன வரைபடம் போன்ற துண்டுகளைத் தனிக் கோப்பாக்கி ‘இன்க்ளூட்’ செய்தேன். இன்னொன்று: தளத்தின் தனித்தனிப் பகுதிகளை ஜாங்கோவில் செயலி (ஆப்) என்பார்கள். செயலியின் டெம்ப்ளேட் கோப்புறைக்குள் செயலியின் பெயரிலேயே ஓர் உட்கோப்புறை வையுங்கள். இரண்டு செயலிகளில் ஒரே பெயரில் கோப்பு இருந்தால், நிறுவிய செயலிகளின் பட்டியலில் முதலில் வருவதையே ஜாங்கோ எடுக்கும். பிறகு வேறு பக்கம் ஏன் வருகிறது என்று நாள் முழுக்க முழிப்பீர்கள்.

மொழிக்கு, டெம்ப்ளேட்டில் உள்ள ஒவ்வொரு ஆங்கில வாக்கியத்தையும் ‘டிரான்ஸ்லேட்’ டேக்குக்குள் போட வேண்டும், மேலே, எக்ஸ்டெண்ட்ஸ் இருந்தால் அதற்கு அடுத்து, ‘ஐ18என்’ என்ற மொழிபெயர்ப்பு நூலகத்தை ஏற்ற வேண்டும். கணினியில் கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்புக் கருவி இருந்தால் ‘மேக்மெசேஜஸ்’ கட்டளை அவற்றை எல்லாம் திரட்டி மொழிக்கு ஒரு பிஓ கோப்பாகத் தரும். அதில் மொழிபெயர்ப்பை எழுதி ‘கம்பைல்மெசேஜஸ்’ கட்டளையை ஓட்டினால்தான் தளத்தில் வரும். வருபவருக்கு எந்த மொழி என்று தீர்மானிக்கும் லொகேல் மிடில்வேரை, மிடில்வேர் பட்டியலில் செஷனுக்குப் பின்னும் காமனுக்கு முன்னும் வையுங்கள். இந்த முறையின் அருமை என்னவென்றால், மொழிபெயர்க்காத வாக்கியம் ஆங்கிலத்திலேயே தெரியும். பழைய தமிழ் பொய் சொல்லும். மொழிபெயர்க்காத ஆங்கிலம் குறைந்தபட்சம் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

சரி, மொழிபெயர்த்தது யார்? நான்தான். தமிழ் தெரிந்த ஒரே ஆள் என்பதால் நிரல் எழுதும் சம்பளத்திலேயே மொழிபெயர்ப்பு, எழுத்துப்பிழை திருத்தம், பஸ்காரரோடு தமிழில் கதைப்பது எல்லாம் என் தலையில் விழுந்தன. சிங்களத்துக்கு மட்டும் வெளியாள் ஒருவருக்குக் காசு கொடுத்தார்கள். அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் 1987இலேயே தமிழையும் அரச கரும மொழியாக்கிவிட்டது. ஆனாலும் அலுவலகத்தில் கையில் அகப்பட்ட தமிழனிடம் இலவசமாகச் செய்விக்கும் வேலையாகத்தான் அது இன்னும் இருக்கிறது. போதாக்குறைக்குப் பஸ்காரர் விதிகளையெல்லாம் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து அனுப்பினார். அது யூனிகோட் அல்ல. தளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். தமிழ் எழுத்துகள் யூனிகோடில் 1991 முதல் இருக்கின்றன ஐயா!

உலாவியிலேயே பக்கத்தைக் கட்டும் ரியாக்ட்டில் எழுதினால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை என்பவர்கள் தாராளமாக எழுதட்டும். பழைய கைத்தொலைபேசியில் அவசரமாக ஆசனம் தேடுகிறவருக்கு, சேவையகத்திலேயே முழுதாகத் தயாராகி வரும் பக்கம் போதும் என்பது என் கருத்து. ஜாங்கோ அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஒரு நாளிதழின் இணையப் பிரிவில் பிறந்து 2005இல் வெளியானது. நிரல் எழுதாத வடிவமைப்பாளரும் டெம்ப்ளேட்டில் கை வைக்கலாம் என்ற எண்ணத்தில் செய்தது என்பதால்தான் டெம்ப்ளேட்டுக்குள் பெரிய கணக்கெல்லாம் போட விடாது. அதைக் குறை என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்கு வரவில்லை.

கடைசியாக ஒரு பொறி. ‘புறப்படும் நேரம்’ என்பதன் ஆங்கிலத்துக்கு ஏற்கெனவே தமிழ் இருக்கிறது. பிறகு டெம்ப்ளேட்டில் ‘புறப்படும் திகதி’ என்பதன் ஆங்கிலத்தைச் சேர்க்கிறீர்கள். மேக்மெசேஜஸ் ஓட்டியதும் பழைய தமிழையே புதியதற்கும் ஊகமாக இட்டு, மேலே ‘ஃபஸி’ என்று குறித்துவைக்கக்கூடும். அப்படிக் குறித்தவற்றை ‘கம்பைல்மெசேஜஸ்’ வழக்கமாக விட்டுவிடும், பக்கத்தில் ஆங்கிலமே வரும். சரியான தமிழை எழுதி, அந்தக் குறியை நீக்கி, மறுபடி கம்பைல் செய்து, சேவையகத்தை மறுதொடக்கம் செய்யுங்கள். குறியை மட்டும் நீக்கிவிட்டுத் தமிழைத் திருத்த மறந்தால் திகதிப் பெட்டியின் மேல் ‘நேரம்’ என்று இருக்கும். அதற்கும் பஸ்காரர் தொலைபேசி எடுப்பார்.