ஐந்தே நாளில் திரும்பி வந்த கட்டுரை

உளவியல் ஆய்விதழ்களுக்குக் கட்டுரை அனுப்புவது குறித்துப் பெங்களூரு வாசகர்கள் எழுதிய கடிதங்களில் நான்கினை இம்மாதம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் கடிதத்துக்குப் பதில் நீண்டுவிட்டது. அந்தச் சிக்கல் தமிழில் தரவு திரட்டும் எல்லோருக்கும் உரியது என்பதால் சுருக்க மனம் வரவில்லை.

கேள்வி: பெங்களூரின் தையல் ஆலைகளில் வேலை செய்யும் தமிழ்ப் பெண்களின் மனநெருக்கடி, தூக்கம் பற்றிய என் ஆய்வுக் கட்டுரை ஐந்தாம் நாளே, மதிப்பீட்டாளர் எவருக்கும் அனுப்பப்படாமல் திரும்பி வந்துவிட்டது. ‘முறையியல் பகுதியில் போதிய விளக்கம் இல்லை’ என்ற ஒரு வரிதான் காரணம். ‘தமிழ் வினாநிரல் வழங்கப்பட்டது’ என்று எழுதி, அளவுகோல்களின் பெயர்களையும் கொடுத்திருக்கிறேன். இந்தப் பெண்களில் பலர் இங்கேயே பிறந்து கன்னட வழியில் படித்தவர்கள். தமிழ் பேசுவார்கள், வாசிக்க மாட்டார்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வீட்டுக்கே போய்க் கேள்விகளை வாசித்துக் காட்டி விடைகளை நானே குறித்துக்கொண்டேன். இன்னும் என்ன எழுத வேண்டும்? கட்டுரையை இணைத்திருக்கிறேன்.
– வாசகி, அல்சூர்

பதில்: நீங்கள் என்னிடம் சொன்னதைத்தான் ஆசிரியரிடம் சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை வீடு தேடிப் போனதும், வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டியதும் கட்டுரையில் ஒரு வரியாகக்கூட இல்லை. தாமே படித்துத் தனியாக விடை குறிப்பது ஒன்று. எதிரே உட்கார்ந்திருக்கும் படித்த பெண்ணிடம், பக்கத்து அறையில் மாமியார் இருக்கும்போது வாயால் விடை சொல்வது முற்றிலும் வேறொன்று. இரண்டாவது சூழலில் பலர் தங்கள் துன்பத்தைக் குறைத்தே சொல்வார்கள். ‘வினாநிரல் வழங்கப்பட்டது’ என்று படிப்பவர் முதல் சூழலையே மனத்தில் காண்பார். ஆகவே அந்த வரி, நீங்கள் நினைக்காமலேயே, நடந்ததை மாற்றிச் சொல்லிவிடுகிறது. அமெரிக்க உளவியல் கழகம் 2018-இல் வெளியிட்ட எழுதுநெறிகளும் தரவு எந்தச் சூழலில், எந்த முறையில் திரட்டப்பட்டது என்பதைக் கூறச் சொல்கின்றன. யார் வாசித்தார், எங்கே, உடன் யார் இருந்தார், ஒருவருக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை ஒரு முழுப் பத்தியாக எழுதுங்கள்.

அடுத்தது சொல். ‘ஸ்ட்ரெஸ்’ என்பதை நீங்கள் ‘மன அழுத்தம்’ என்று பெயர்த்திருக்கிறீர்கள். நம் நாளிதழ்களில் அந்தச் சொல் ஸ்ட்ரெஸ்ஸுக்கும் வருகிறது, டிப்ரெஷனுக்கும் வருகிறது. பின்னதை ‘மனச்சோர்வு’ என்று பிரித்து எழுதுபவர்கள் இருந்தாலும் எல்லோரும் அப்படி எழுதுவதில்லை. தையல் இயந்திரத்தின் முன் உட்காரும் பெண்ணோ ‘டென்ஷன்’ என்பார், அல்லது ‘மனசு பாரமா இருக்கு’ என்பார். இவை இரண்டும் ஒரே நிலையைக் குறிப்பவை அல்ல. எந்தச் சொல்லை வாசித்தீர்கள், அதை அவர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதைச் சொல்லாவிட்டால் உங்கள் அளவுகோல் எதை அளந்தது என்று படிப்பவருக்குத் தெரியாது. விடைத்தேர்வுகளிலும் இதே சிக்கல் உண்டு. நீங்கள் பயன்படுத்தியிருக்கும் 1983-ஆம் ஆண்டின் மனநெருக்கடி அளவுகோலில் 0 முதல் 4 வரை ஐந்து படிகள் உள்ளன; ‘ஏறக்குறைய இல்லை’, ‘சில நேரங்களில்’ என்ற இரண்டு படிகளையும் பேச்சுத் தமிழில் ‘எப்பயாச்சும்’ என்ற ஒரே சொல் விழுங்கிவிடும். அந்த இடத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை எழுதியே ஆக வேண்டும்.

மொழிபெயர்ப்பு பற்றி ஒரு வாக்கியம் போதாது. ஒருவர் தமிழாக்கி, ஆங்கில மூலத்தைப் பார்க்காத வேறொருவர் அதை மீண்டும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய், இரண்டையும் ஒப்பிடும் பின்மொழிபெயர்ப்பு முறையை ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970-இல் விரிவாக எழுதினார். அதைச் செய்திருந்தால் யார் செய்தார்கள் என்று சொல்லுங்கள். செய்யவில்லையென்றால், செய்ததுபோல் ஒரு சொல்லும் எழுதாமல், அதையே ஆய்வின் வரம்பாகக் கூறுங்கள். வாய்மொழியாகக் கேட்ட இந்த வடிவம் உங்கள் மாதிரியில் எவ்வளவு ஒத்திசைவாக இயங்கியது என்பதைக் காட்டக் க்ரோன்பாக் ஆல்ஃபா மதிப்பை உங்கள் தரவிலிருந்தே கணக்கிட்டுத் தர வேண்டும். மூல ஆங்கில அளவுகோலின் மதிப்பை எடுத்துப் போட்டிருப்பது எதையும் நிறுவாது. 1989-இல் வெளிவந்த பிட்ஸ்பர்க் தூக்கத் தர அளவுகோலுக்கு உரிமையாளர் இருக்கிறார். அனுமதி பெற்றதையும் குறிப்பிடுங்கள்.

உங்கள் கட்டுரையில் ‘ஆலை நிர்வாகத்தின் அனுமதி பெறப்பட்டது’ என்ற வரியைப் படித்து வருந்தினேன். நிர்வாகத்தின் அனுமதி அந்தப் பெண்களின் இசைவாகாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள், ஆய்வில் பங்கேற்பவர் தாமே அறிந்து இசைவு தருவதையும் நெறிக்குழு ஆய்வை முன்கூட்டியே பரிசீலிப்பதையும் வலியுறுத்துகின்றன. நெறிக்குழு ஒப்புதல் எண்ணையும், வாசிக்கத் தெரியாதவர்களிடம் இசைவு எப்படிப் பெறப்பட்டது என்பதையும் எழுதுங்கள். தரவு திரட்டிய பிறகு பெறும் ஒப்புதலை எந்த நல்ல இதழும் ஏற்காது.

கடைசிப் பகுதியில் ‘மாதிரி குறுகியது’ என்று மூன்று இடங்களில் மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள், இரண்டை எடுத்துவிடுங்கள். உளவியல் ஆய்வுகள் மேலை நாட்டுப் படித்த, வசதியான மக்களையே பெரிதும் நம்பியிருப்பதை ஜோசப் ஹென்ரிச், ஸ்டீவன் ஹைன், ஆரா நோரன்சயான் ஆகியோர் 2010-இல் எடுத்துக்காட்டினார்கள். பீண்யாவிலும் பொம்மனஹள்ளியிலும் ஷிஃப்ட் முடித்து வரும் பெண்கள் அந்த ஆய்வுகளில் இல்லாதவர்கள். அவர்களைத் தேடிப் போனதை உங்கள் முன்னுரையே சொல்ல வேண்டும்.

கேள்வி: முடிவு தெரிய ஆறு மாதம் ஆகிறது. ஒரே கட்டுரையை இரண்டு இதழ்களுக்கு அனுப்பிவிட்டு, முதலில் ஏற்பதில் போட்டுக்கொள்ளலாம் என்று மூத்த மாணவர் ஒருவர் சொல்கிறார். சரிதானா?
– வாசகர், ஜீவன் பீமா நகர்

பதில்: சரியில்லை. அனுப்பும்போதே, வேறெங்கும் பரிசீலனையில் இல்லை என்று உறுதி அளிக்கிறீர்கள், அது பொய்யுறுதியாகிவிடும். மதிப்பீட்டாளர்கள் பெரும்பாலும் ஊதியமின்றித் தங்கள் இரவுகளைக் கொடுத்துப் படிப்பவர்கள். நம் நாட்டில் ஒவ்வொரு துறையிலும் அவர்கள் சிலரே என்பதால் இரண்டு இதழ்களிலிருந்தும் ஒரே கட்டுரை ஒரே ஆளிடம் போய்ச் சேர்வது அரிதல்ல. என்னிடமே ஒருமுறை அப்படி வந்தது, இரண்டு ஆசிரியர்களுக்கும் தெரிவிப்பதைத் தவிர எனக்கு வேறு வழியிருக்கவில்லை. நாள் கடந்தால் ஆசிரியருக்குப் பணிவாக எழுதிக் கேளுங்கள். திரும்பப் பெறுவதாக முறைப்படி தெரிவித்துப் பதில் வந்த பின் வேறிடம் அனுப்பலாம். கண்டறிந்ததை வேறு யாரும் முந்திச் சொல்லிவிடக் கூடாது என்பதுதான் கவலையென்றால், 2016 முதல் இயங்கும் சைஆர்க்கைவ் என்ற உளவியல் தளத்தில் முன்வரைவாக, அதாவது இதழின் மதிப்பீட்டுக்கு முந்தைய வடிவமாக, பதியலாம். இதழ் அதை அனுமதிக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: யுஜிசி பட்டியலில் உள்ள இதழ் என்று சொல்லி, பணம் கட்டினால் ஒரு வாரத்தில் வெளியிடுவதாக வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வேண்டும். நம்பலாமா?
– கல்லூரி விரிவுரையாளர், கம்மனஹள்ளி

பதில்: ஏற்கத்தக்க இதழ்களைக் காட்டும் தன் ‘கேர்’ பட்டியலையே யுஜிசி 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. இன்றும் அந்தப் பட்டியலைக் காட்டி அழைப்பவர்களிடமிருந்து விலகி இருங்கள். 2022-ஆம் ஆண்டின் யுஜிசி ஒழுங்குவிதிகளில், ஆய்வேட்டைத் தரும் முன் இதழில் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயமும் நீக்கப்பட்டது; உங்கள் பல்கலைக்கழகம் தனியாக விதி வைத்திருக்கிறதா என்று அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். பணம் கேட்பது மட்டுமே மோசடியின் அடையாளமாகாது, யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ்கள் பலவும் கட்டுரையை ஏற்ற பின் கட்டணம் வாங்குகின்றன. படிக்கும் முன்பே ஏற்புக்கு உறுதி சொல்வதுதான் அடையாளம். அங்கே ஒருமுறை வெளியாகிவிட்டால் அதே கட்டுரையை நல்ல இதழ் எதற்கும் பிறகு கொடுக்க முடியாது. உங்கள் தரவு அங்கேயே புதைந்துவிடும்.

கேள்வி: திருத்தி அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். முன்னுரையைப் பாதியாக்கு என்கிறார் ஒரு மதிப்பீட்டாளர். இன்னும் பல ஆய்வுகளைச் சேர் என்கிறார் மற்றவர். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, ராஜாஜி நகர்

பதில்: ஆசிரியரின் கடிதம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று முதலில் பாருங்கள், முடிவு அவருடையது. மதிப்பீட்டாளர்கள் முரண்படுவதில் வியப்பில்லை. டக்ளஸ் பீட்டர்ஸும் ஸ்டீபன் செசியும் ஏற்கெனவே வெளியான 12 உளவியல் கட்டுரைகளை, எழுதியவர் பெயரையும் நிறுவனத்தையும் மாற்றி, அவை வெளிவந்த அதே இதழ்களுக்கே மீண்டும் அனுப்பிப் பார்த்ததை 1982-இல் எழுதினார்கள். மூன்று மட்டுமே கண்டுபிடிக்கப்பட்டன. எஞ்சிய ஒன்பதில் எட்டு நிராகரிக்கப்பட்டன. இதைச் சொல்வது மதிப்பீட்டை அலட்சியம் செய்வதற்காக அல்ல. ஒவ்வொரு குறிப்புக்கும் அடிபணிய வேண்டியதில்லை, ஒவ்வொன்றுக்கும் பதில் மட்டும் தர வேண்டும். குறிப்பை அப்படியே எடுத்தெழுதி, கீழே என்ன மாற்றினீர்கள், எந்தப் பக்கத்தில் என்று எழுதுங்கள். ஏற்காத இடத்தில் காரணத்தை இரண்டு வாக்கியங்களில் மரியாதையாகச் சொல்லுங்கள். உங்கள் வழக்கில், பழைய ஆய்வுகளின் நீண்ட விவரிப்பைக் குறைத்து, இரண்டாமவர் கேட்டவற்றில் உங்கள் கருதுகோளை நேரடியாகத் தொடுபவற்றை மட்டும் சேர்த்தால் இருவருக்கும் விடை கிடைத்துவிடும். கொடுத்த கெடு போதாதென்றால், அது முடிவதற்கு முன்பே ஆசிரியருக்கு எழுதி நாள் நீட்டித்துக் கேளுங்கள். நியாயமான காரணம் சொன்னவர்களுக்குப் பொதுவாக மறுப்பதில்லை.